நிலாவெளி – டவுன் தினமும் போய்வர எந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்? புதிதாகப் பழகுகிறேன்

கடலோரக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் இருக்கிறேன், வேலை திருமலை (திருகோணமலை) டவுனில், மத்திய வீதிப் பக்கம். போக 15 கிலோமீற்றர், வர 15. இதுவரை பஸ்தான். காலையில் பிரச்சினை இல்லை. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்பதிலேயே பாதி உயிர் போகிறது. உழக்குகிற சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓடியதில்லை. இப்போதுதான் லைசன்ஸுக்குப் பழகுகிறேன்.

கடையில் இரண்டு ஸ்கூட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். பெயர் சொன்னால் இங்கே கம்பனிச் சண்டை தொடங்கிவிடும், அதனால் நிறத்தைச் சொல்கிறேன்.

சிவப்பு: ஈய பற்றரி, 72 வோல்ற், 20 ஆம்பியர் மணி. மோட்டர் 1,200 வாற். முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு டிரம். சீற் தாழ்வு, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படும். ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீற்றர் ஓடும் என்கிறார் கடைக்காரர்.

சாம்பல்: லித்தியம் பற்றரி, 72 வோல்ற், 32 ஆம்பியர் மணி, கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். மோட்டர் 2,000 வாற். இரண்டு சில்லுக்கும் டிஸ்க். சீற் உயரம், நுனிக்கால்தான் எட்டுகிறது. இது 110 கிலோமீற்றராம். விலை சிவப்பைப்போல ஒன்றரை மடங்கு.

அம்மா சிவப்பு போதும் என்கிறா. தம்பி சாம்பல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் ஓடத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறேன். புதிதாக ஓடுகிற ஆளுக்கு எது சரி?

பெற்றோல்பிரியன்

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. நல்ல நிலையில் உள்ள பழைய பெற்றோல் ஸ்கூட்டி ஒன்றைப் பாருங்கள். எந்தச் சந்தியிலும் திருத்துவார்கள், விற்றாலும் போட்ட காசு வரும். இந்தக் கரண்ட் வண்டியெல்லாம் மூன்று வருடத்தில் கோழி அடைகாக்கத்தான்.

பாலையூற்றான்

அண்ணைக்கு 2022 மறந்துபோச்சு போல. கியூஆர் கோட் காட்டி கிழமைக்கு 4 லீற்றர் வாங்கத்தான் பெற்றோல் செட்டில் விடிய விடியக் கிடந்தோம். வண்டி வளவுக்குள் நின்றது, ஆள் சைக்கிளில் போனது.

பெற்றோல்பிரியன்

அதே 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது தம்பி. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டதும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் பற்றரி அந்தக் குரங்கின் கையில்.

பாலையூற்றான்

குரங்கு பாய்ந்த அன்றும் முதல் நாள் இரவு ஏற்றிய சார்ஜில் நான் ஓடினேன். பற்றரி என்றால் அதுதானே.

வாத்தியார்

சண்டை பிடித்து முடிந்ததா? பிள்ளை கேட்டது பெற்றோலா கரண்டா என்றில்லை. இரண்டில் எது என்று.

கடைக்காரர் சொல்லும் 70, 110 எல்லாம் மெலிந்த ஒரு ஆளை ஏற்றி, காற்றில்லாத சமதரையில், 25 வேகத்தில் ஒரே சீராக ஓட்டி எடுத்த கணக்கு. நிலாவெளி வீதியில் 25 இல் போனால் பின்னால் வரும் பஸ் ஹோன் அடித்தே உங்களை வீதிக்கரைக்கு இறக்கிவிடும். ஆகவே நாங்களே கணக்குப் பார்ப்போம்.

வோல்ற்றை ஆம்பியர் மணியால் பெருக்குங்கள். சிவப்பு 72 × 20 = 1,440 வாற் மணி. சாம்பல் 72 × 32 = 2,304 வாற் மணி. ஆயிரம் வாற் மணி என்பதுதான் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிற். இந்த அளவு ஸ்கூட்டர் 40, 45 வேகத்தில் போனால் கிலோமீற்றருக்கு 25 முதல் 35 வாற் மணி வரை தின்னும். நடுவில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈய பற்றரியை அடிமட்டம்வரை இறக்கக்கூடாது. 80 வீதம்தான் பாவிக்கலாம். 1,150 ஐ 30 ஆல் வகுத்தால் 38 கிலோமீற்றர். லித்தியத்தில் 90 வீதம் துணிந்து எடுக்கலாம், அது 69 கிலோமீற்றர். இரண்டும் புதுப் பற்றரிக்கு.

உங்களுக்குத் தேவை 30. ஆக இன்றைக்குச் சிவப்பும் போதும். ஆனால் பற்றரி தேயும். கொள்ளளவு 70 வீதத்துக்கு இறங்கினால் சிவப்பு 27 கிலோமீற்றர்தான் தரும்: வீடு திரும்பும் வழியில் சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்குள் நுழைகிற நேரத்தில் நின்றுவிடும். அதே 70 வீதத்தில் சாம்பல் 48 தரும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இன்றைக்கு எவ்வளவு ஓடும் என்பதை அல்ல, இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு எவ்வளவு ஓடும் என்பதை.

கடலோரக்காரி

நன்றி சேர். இப்படி யாரும் சொல்லித்தரவில்லை. எத்தனை வருடத்தில் 70 வீதத்துக்கு இறங்கும்?

வாத்தியார்

வருடத்தில் சொல்வதைவிடத் தடவையில் சொல்லலாம். ஈய பற்றரியை ஒவ்வொரு முறையும் ஆழமாக இறக்கி ஏற்றினால் 300 முதல் 500 தடவை. நீங்கள் தினமும் 30 ஓடி தினமும் ஏற்றினால் வேலைநாள் கணக்கில் ஒன்றரை, இரண்டு வருடம். லித்தியத்தில் இரண்டு சாதி இருக்கிறது. இரும்பு பாஸ்பேற்று வகை 2,000 தடவைக்கு மேல் தாங்கும். நிக்கல் மங்கனீசு கோபால்ற்று வகை அதில் பாதிகூட இல்லாமலும் போகலாம், ஆனால் பாரம் குறைவு. சாம்பலில் எது இருக்கிறது என்று கேட்டீர்களா?

கடலோரக்காரி

"லித்தியம்" என்று மட்டும்தான் சொன்னார். மறுபடி கேட்டதற்கு "நல்ல லித்தியம்" என்றார்.

ஸ்பானர்

நல்ல லித்தியம் என்று ஒரு சாதி இதுவரை நான் கழற்றிப் பார்க்கவில்லை.

தங்கச்சி, சார்ஜரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்ரிக்கரை வாசியுங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 87.6 வோல்ற் என்று இருந்தால் அது 24 செல் இரும்பு பாஸ்பேற்று, யோசிக்காமல் எடுக்கலாம். 84 என்று இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நிக்கல் வகை 20 செல்லுக்கும் 84, இரும்பு வகை 23 செல்லுக்கும் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் பற்றரிப் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். இந்தியாவில் செய்த வண்டி என்றால் ஏ.ஐ.எஸ். 156 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 இல் அங்கே ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த பிறகு அந்த விதியை இறுக்கினார்கள்.

ஈய பற்றரியின் சார்ஜரும் 88 வோல்ற்றுக்குக் கிட்டத்தான் காட்டும். அதற்காக ஒன்றின் சார்ஜரை மற்றதற்குக் கொழுவிவிடாதீர்கள். ஏற்றும் முறையே வேறு. பிளக் பொருந்துகிறது என்று கொழுவி, பெட்டியோடு தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாலையூற்றான்

ஈய பற்றரிக்காரன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். இப்போது இரண்டாவது செட் போட்டு ஓடுகிறேன். எனக்குப் பாலையூற்றிலிருந்து டவுனுக்குப் போகவர ஒரு சின்ன ஓட்டம், வழியில் சந்தை, கோயில். அதற்கு ஈயம் தாராளம். செட் மாற்றுகிற செலவு கை கடிக்காது, 12 வோல்ற் பெட்டி ஆறு, பற்றரிக் கடைக்காரரே அரை நாளில் போட்டுத் தருவார். பழைய ஈயத்தைத் திருப்பி எடுத்துக் காசும் கழிப்பார்கள். லித்தியம் பழுதானால் முழுப் பெட்டியும் கொழும்புக்குப் போகவேண்டும், 260 கிலோமீற்றர். போனது எப்போது வரும் என்று எந்தச் சாத்திரியும் சொல்லமாட்டார்.

ஆனால் நிலாவெளித் தூரத்துக்கு எடுக்காதீர்கள். இரண்டாம் வருடத்தில் சார்ஜ் மீற்றர் மூன்று கட்டை காட்டும், ஒரு ஏற்றத்தில் ஒரு கட்டைக்கு விழும், சமதரைக்கு வந்ததும் திரும்ப இரண்டாகும். அந்த மீற்றரைப் பார்த்துக்கொண்டு வீடு போகிற மனநிலை எல்லோருக்கும் ஒத்துவராது. வேலை இடத்தில் சார்ஜ் போட விடுவார்களா? விட்டால் கதை வேறு.

கடலோரக்காரி

கேட்டுப் பார்த்தேன். கரண்ட் பில் பேச்சு வந்துவிட்டது. ஃபான் போட்டாலே கணக்குப் பார்க்கிற இடம்.

வாத்தியார்

அவர்களுக்குப் பயம் வரும்தான். ஒரு தடவை முழுதாக ஏற்ற ஈயத்துக்கு இரண்டு யூனிற்றுக்குள்தான் போகும், சார்ஜரில் வீணாகிற சூட்டையும் சேர்த்து. ஆனால் எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி தாண்டும்போதும் கடைசி யூனிற்றுகளின் விலை கூடும். வீட்டில் ஏற்றும்போதும் இதைக் கவனியுங்கள். மாதம் 85 யூனிற் எரிக்கிற வீட்டில் ஸ்கூட்டர் 35 சேர்த்தால் ஒரு படி மேலே போவீர்கள். அப்படியிருந்தும் பெற்றோலுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் கடைக்காரர் சொல்கிற அளவு சும்மா மாதிரி இல்லை.

இன்னொன்று. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் நிற்கும். சாதாரண மீற்றர் உள்ள வீட்டுக்கு விலை வித்தியாசம் இல்லை. என்றாலும் படுக்கப் போகும்போது கொழுவுவது நல்லது. அதற்குள் பற்றரியும் ஆறிவிடும்.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சேர் சொன்ன கடைசி வசனத்தைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். வெயிலில் ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடுவதுதான் எங்கள் பக்கத்தில் பற்றரி சாகிற முதல் காரணம். கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு போன பிறகு கொழுவுங்கள். அலுவலகத்தில் வேம்பு நிழல் இருந்தால் அதன் கீழ் விடுங்கள்.

நான் கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு லித்தியம் வண்டியில் வருகிறேன். 2009 இல் பாலம் திறக்கிற வரைக்கும் பாதைப் படகில் ஏறி இறங்கின ஆட்கள் நாங்கள். இப்போது 396 மீற்றர் பாலம், கண்மூடித் திறக்கிறதுக்குள் தாண்டிடலாம். ஆனால் காற்று! மே, ஜூன் மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது வண்டி பாரம் குறைந்தால் பக்கவாட்டில் தள்ளும். உங்கள் வீதியும் கடலோரம், திறந்த வெளி. அதனால் ஈயம் பாரம் என்று எல்லோரும் குறை சொன்னாலும், காற்றில் அந்தப் பாரம் கீழே இருந்து பிடித்துக்கொள்ளும். இதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொன்னேன்.

ஸ்பானர்

உண்மைதான் நானா, ஆனால் அதே பாரம் வண்டி சரிந்தால் தூக்கவிடாது. ஆறு பெட்டி, ஒன்று 7 கிலோ, மொத்தம் 42 கிலோ காலடியில். அதே வேலையைச் செய்யும் லித்தியப் பெட்டி 20 கிலோவுக்குக் கிட்ட.

கழற்றக்கூடியது என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 20 கிலோ என்பது ஒரு கையால் பிடித்துத் தூக்குகிற பாரம், பிடி விரலை அறுக்கும். நிலாவெளியில் தனி வீடு, போர்ட்டிகோ இருக்கும். அங்கேயே சார்ஜ் போடலாம் என்றால் கழற்றுகிற வசதிக்கு என்று காசு கூடக் கொடுக்கவேண்டாம். கழற்றிக் கொழுவக் கொழுவ அந்தக் கொனெக்ரர் தேயும், எங்கள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். என்னிடம் வருகிற "பற்றரி செத்துப்போச்சு" வண்டிகளில் கணிசமானவற்றில் பற்றரி உயிரோடுதான் இருக்கும், கொனெக்ரர்தான் கருகியிருக்கும்.

அலஸ்தோட்டம் அக்கா

ஆண்கள் எல்லோரும் பற்றரி, பற்றரி என்கிறீர்கள். தங்கச்சி "புதிதாக ஓடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாளே, அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நான் பெற்றோல் ஸ்கூட்டியில் பழகி பிறகு எலெக்ட்ரிக்குக்கு மாறினேன். இரண்டுக்கும் கையில் வருகிற பழக்கம் வேறு. பெற்றோல் வண்டி முறுக்கினால் இரைந்து, யோசித்து, பிறகு நகரும். இது முறுக்கின அந்தக் கணமே இழுக்கும், சத்தமும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கிற வண்டி ஓனில் இருக்கிறதா ஓஃபில் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் வந்து அக்செலரேற்றரைத் திருகிப் பார்க்கும். ஆகவே பார்க்கிங் பட்டன் இருக்கிறதா, சைட் ஸ்ராண்ட் போட்டால் மோட்டர் தானாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இது இல்லாத வண்டியைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது ஏற்றத்தில் நின்று எடுப்பது. பெரும்பாலான எலெக்ட்ரிக் வண்டியில் பிரேக் பிடியைத் தொட்டவுடன் மோட்டருக்குக் கரண்ட் வெட்டுப்படும். பாதுகாப்புக்குத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்று நீங்களும் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் ஒன்றும் நடக்காது. பிரேக்கை விட்டால் வண்டி பின்னுக்கு உருளும். உருளுகிறதே என்ற பயத்தில் முழுதாக முறுக்குவீர்கள், வண்டி முன்னால் பாயும். புதிதாக ஓடுகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி சில வண்டியில் இருக்கிறது.

மெதுவாகத் திருப்பும்போதும் இதே பிரச்சினை. பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி முறுக்கித் திரும்புகிற வித்தை பெற்றோல் ஸ்கூட்டியில் எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள். இதில் அது வேலை செய்யாது. விரல் நுனியால் முறுக்கிப் பழகவேண்டும். மெக்கெய்சர் மைதானத்துப் பக்கம் ஞாயிறு காலையில் ஆள் குறைவாக இருக்கும்போது வண்டியை அடக்கி ஓடவைக்கும் 'ஈக்கோ'வில் போட்டுப் பழகுங்கள். எட்டுப் போடுவது, கோடு கீறி அதற்குள் நிறுத்துவது. நிறுத்தப் பழகிய பிறகு ஓடப் பழகுங்கள்.

ஷோல் போட்டால் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். சாரி என்றால் பின் சில்லுக்குச் சாரி கார்ட் கட்டாயம்.

கடலோரக்காரி

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் தாழ்வான சீற் உள்ள சிவப்புத்தான் எனக்கு நல்லதா? நுனிக்காலில் நிற்கப் பயமாக இருக்கிறது.

அலஸ்தோட்டம் அக்கா

பயத்தை அப்படியே சாம்பலோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு காலும் முழுதாக நிலத்தில் படவேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு கால் முழுதாகப் பட்டால் போதும், சீற்றில் கொஞ்சம் முன்னுக்கு வந்து இடது காலை ஊன்றினால் நிற்கலாம். கடையில் வழுவழுத் தளத்தில், செருப்போடு அளந்திருப்பீர்கள். ஓடுகிற சப்பாத்தோடு போங்கள். சில சீற்றில் உள்ளே ஸ்பொஞ்ச் வெட்டிக் குறைக்கலாம், சீற் தைக்கிறவர்கள் செய்து தருவார்கள். சஸ்பென்ஷனிலும் கொஞ்சம் இறக்கலாம்.

மற்றது, தள்ளிப் பாருங்கள். ஸ்ராண்டை எடுத்துவிட்டு, இறங்கி நின்று, மண்ணில் பத்தடி பின்னுக்குத் தள்ளுங்கள். எந்த வண்டி உங்கள் கையில் நிற்கிறதோ அதைத்தான் நீங்கள் ஆளமுடியும். எல்லா வீட்டு வாசலிலும் மணல்தானே எங்களுக்கு.

பெற்றோல்பிரியன்

2,000 வாற் மோட்டரைப் புதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது சரியா? அதையும் யோசியுங்கள்.

வாத்தியார்

கேள்வி நியாயமானது. கணக்குப் பார்த்தால் 2,000 அவ்வளவு பெரிதல்ல. வண்டியும் ஆளும் சேர்ந்து 155 கிலோ என்று வைப்போம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 20 வேகத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டும் 850 வாற் அளவு வேண்டும். பின்னால் அம்மாவும் ஏறினால், 215 கிலோ, 1,170 வாற். சிவப்பின் 1,200 அங்கேயே முடிந்துவிட்டது. உவர்மலை ஏற்றத்தில் இரண்டு பேரோடு அது மூச்சு வாங்கும். சில்லுக்குள் இருக்கும் மோட்டர் சூடாகும். கொஞ்ச நேரத்துக்குப் பெயர்ப் பலகையில் உள்ளதைவிடக் கூட இழுக்கும்தான், ஆனால் தினமும் அப்படி வேலை வாங்கக்கூடாது.

பெரிய மோட்டரை ஈக்கோவில் அடக்கி ஓடலாம். சின்ன மோட்டரைப் பெரிதாக்க முடியாது. பல ஸ்கூட்டர்கள் மணிக்கு 45 கிலோமீற்றரோடு நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் சிறிய மொபெட் வகைக்கு அதுதான் மேல் எல்லை, அந்தச் சந்தைக்குச் செய்ததையே இங்கும் கொண்டுவருகிறார்கள். உங்களுக்கு முதல் வருடத்துக்கு அந்த 45 போதும்.

சீனக்குடா தம்பி

45 இல் போனால் நிலாவெளி வீதியில் தூங்கிவிடுவீர்கள் அக்கா 😄

அலஸ்தோட்டம் அக்கா

தம்பி, அந்த வீதியில் இரவு ஏழு மணிக்குப் பிறகு நடுத் தாரில் படுத்திருக்கிற மாடு ஒன்றும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கறுப்பு மாடு என்றால் லைற் வெளிச்சத்தில் அதன் கண்கூடத் தெரியாது, திரும்பிப் படுத்திருந்தால். உப்புவெளி போர்க் கல்லறை தாண்டினதும் வீதியோரம் காற்றுக் கொண்டுவந்த மணல் வேறு. டவுனுக்குள் வந்தால் மான். சத்தமில்லாத வண்டி கிட்ட வந்தபிறகுதான் மான் நிமிர்ந்து பார்க்கும், எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. 45 போதும்.

ஸ்பானர்

லைற் பற்றிச் சொன்னது நல்லது. இரண்டு வண்டியையும் ஒருநாள் பொழுதுபட்ட பிறகு போய்ப் பாருங்கள். கண்ணைக் குத்துகிற வெள்ளை எல்இடி போட்டிருப்பார்கள், முன்னால் பன்னிரண்டு அடி தாண்டினால் வெளிச்சம் இருக்காது. வாங்கின பிறகு வேறு லைற் பூட்டலாம் என்றால் அதற்கும் வயர் வெட்டவேண்டும், வயர் வெட்டினால் வாரண்டி போச்சு.

மழை: ஐப்பசி பிறந்தால் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா? சில்லின் நடு அச்சு மூழ்குகிற தண்ணீருக்குள் இறக்காதீர்கள். ஐபி 67 என்று மோட்டரில் எழுதியிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம், ஆனால் அது புதிதாக வந்த மோட்டருக்கு. மோட்டருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கொன்ட்ரோலருக்கும் சார்ஜ் பிளக்குக்கும் அந்த எண் பொருந்தாது. சேர்விஸ் ஸ்ரேஷனில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். கடற்கரையில் நிறுத்தினால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள்.

கிண்ணியா நானா

பத்திரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. நம்பர் பிளேற், பதிவுச் சான்றிதழ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம். "இது சைக்கிள் மாதிரித்தான், பதியத் தேவையில்லை" என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். வெளியே வந்துவிட்டேன். பொலிஸ் மறித்தால் கடைக்காரர் வந்து நிற்கமாட்டார். புகைப் பரிசோதனை மட்டும்தான் இல்லை, புகைக் குழாயே இல்லையே.

வாரண்டியும் எழுத்தில் வேண்டும். "இரண்டு வருடம்" என்று சும்மா எழுதினால் போதாது. கொள்ளளவு எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், சார்ஜரும் கொன்ட்ரோலரும் அதற்குள் வருமா, பழுதென்றால் திருமலையில் யார் பார்ப்பது. இந்த மூன்றுக்கும் பதில் கடதாசியில் இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கடலோரக்காரி

எல்லோருக்கும் பெரிய நன்றி. இன்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் ஓடிப் பார்த்தேன்.

சார்ஜர் ஸ்ரிக்கரில் 87.6 என்றே இருக்கிறது ஸ்பானர் அண்ணா. நான் குனிந்து வாசித்ததைப் பார்த்துவிட்டு கடைக்காரர் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து எழும்பி வந்தார். அதன் பிறகு கதைத்த விதமே வேறு, பற்றரிப் பெட்டி லேபிளையும் அவரே திறந்து காட்டினார்.

அக்கா சொன்னபடி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்னச் சரிவு. சிவப்பு பின்னுக்கு உருண்டது, தம்பி பிடித்தான். சாம்பலும் உருண்டது, ஆனால் குறைவு; ஈக்கோவில் மெதுவாகத்தான் இழுத்தது, பாயவில்லை. மண்ணில் தள்ளிப் பார்த்ததில் சிவப்பை அசைக்கவே கஷ்டம், சாம்பல் வந்தது. சப்பாத்தோடு இடது கால் முழுதாகப் படுகிறது. பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு திருப்பினேன், அதுதான் இன்னும் கை நடுங்குகிறது.

சைட் ஸ்ராண்ட் போட்டால் இரண்டிலும் மோட்டர் நிற்கிறது. லைற் பார்க்கப் பொழுதுபட்டதும் மறுபடி போகவேண்டும்.

காசுதான் யோசனை. லீசிங் எடுக்கலாமா?

பாலையூற்றான்

லீசிங் காரர் சொல்கிற மாதத் தவணையைப் பார்க்காதீர்கள், முழுத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். ஈயத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுச் செட் போடுகிற காசையும் மறுபக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காசை வட்டி தாண்டினால் கொஞ்ச மாதம் பஸ்ஸில் போய்ச் சேர்த்து வாங்குவதுதான் கெட்டித்தனம். வீட்டில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

கடலோரக்காரி

அம்மாவின் சீட்டு தையில் விழும். அதுவரை லைசன்ஸும் கையில் வந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டேன், சின்ன முற்பணம் வைத்தால் சாம்பலை நிறுத்தி வைப்பாராம், வாரண்டியில் 70 வீதம் என்று எழுதித் தரவும் சம்மதித்தார். ஹெல்மெட் ஒன்று சும்மா தருகிறாராம், அது வேண்டாம் நல்லதாக ஒன்று நானே வாங்குகிறேன் என்றேன்.

ஒரு கேள்வி மட்டும். போர்ட்டிகோவில் பழைய 5 ஆம்பியர் பிளக் பொயின்ற்தான் இருக்கிறது. புதிதாக வயர் இழுக்கவேண்டுமா?

ஸ்பானர்

சார்ஜர் 87.6 வோல்ற், 5 ஆம்பியர் என்றால் சுவரிலிருந்து 500 வாற் அளவுதான் எடுக்கும். 230 வோல்ற்றில் இரண்டு ஆம்பியர் சொச்சம். அயர்ன் பொக்ஸ் எடுப்பதில் பாதி. 5 ஆம்பியர் பொயின்ற் தாங்கும், ஆனால் எர்த் வயர் உண்மையில் வந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பியுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை அழகுக்கு இருக்கும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள். நீட்டு வயரைச் சுருட்டி வைத்துப் பாவிக்கவேண்டாம். வாசற்கதவுக்கு முன்னால் வைத்துச் சார்ஜ் போடவும் வேண்டாம். ஏதும் நடந்தால் வெளியே வருகிற வழி அதுதான். சாரல் அடிக்காத மூலையாகப் பாருங்கள்.

கிண்ணியா நானா

அந்தச் சிவப்பு இன்னும் கடையில் நிற்கிறதா? எங்கள் வீட்டுக்காரி மத்ரஸாவுக்கும் கடைக்கும் போக ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறா. மூன்று நான்கு கிலோமீற்றர் ஓட்டம், ஏற்றமும் இல்லை. ஈயம் போதும்.

கடலோரக்காரி

நிற்கிறது நானா. கடை எது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன். முதல் சொன்ன விலையிலிருந்து எனக்கே குறைத்தார், நீங்கள் இன்னும் அடித்துப் பேசுங்கள். பின் டிரம் பிரேக் கொஞ்சம் இழுவையாக இருந்தது, அதை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.